இரண்டு கை உள்ள மருந்து



போன வருஷம் எங்க பெரியம்மா புற்றுநோயால் இறந்துட்டாங்க. "சரியா சாப்பிடாம உடம்புல தெம்பு இல்லாம போச்சு, அதான்" என்று சொந்தக்காரங்க பேசிக்கிட்டாங்க. எனக்கு அது உறுத்தலாவே இருந்தது. வெள்ளை அணுக்கள் நம் காவல்காரர்கள் என்று படிக்கிறோமே, அவை ஏன் புற்றுநோயை விட்டுவிட்டன? உயிரியல் டீச்சரிடம் கேட்டேன். தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

நம் செல்கள் தங்களுக்குள் இருக்கும் புரதங்களின் துண்டுகளை மேற்பரப்பில் காட்டும். அது அடையாள அட்டை மாதிரி. டி செல் என்னும் வெள்ளை அணு அதைப் பார்த்துத்தான் 'நம்ம ஆளா, இல்லையா' என்று முடிவு செய்யும். புற்றுநோய் செல்லோ நம் சொந்த செல்லிலிருந்தே வருவது. பல நேரம் அட்டையையும் மறைத்துவிடும். டி செல் பக்கத்தில் வந்தாலும் கண்டுக்காமல் போய்விடும்!

எதிர்ப்பொருளுக்கு இரண்டு கைகள் உண்டு. இரண்டும் ஒரே பொருளைத்தான் பிடிக்கும். இரண்டு வேறு எதிர்ப்பொருள்களை இணைத்தால், டி செல்லை நாம் விரும்பும் செல் மீது ஏவலாம் என்று 1985-ல் ஆய்வகத்தில் காட்டினார்கள். இப்படிச் செய்த மருந்தின் ஒரு கை புற்றுநோய் செல்லைப் பிடிக்கும். மறு கை டி செல்லின் சிடி3 என்ற புரதத்தைப் பிடிக்கும். சிடி3 ஒரு சுவிட்ச் மாதிரி. அதைத் தொட்டால் போதும், அட்டை பார்க்கவே வேண்டாம். டி செல் எதிரியின் சவ்வில் ஓட்டை போட்டு, நொதிகளை உள்ளே செலுத்திக் கொன்றுவிடும்.

பிளினாட்டுமோமாப் என்ற மருந்துக்கு 2014-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. அது ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கானது. உடம்பில் சில மணி நேரமே தங்குவதால், சின்ன பம்பு வைத்து 28 நாள் இரவு பகலாக ஏற்றுவார்கள். 2024-ல் ஒருவகை நுரையீரல் புற்றுநோய்க்கு டார்லாட்டமாப் வந்தது.

ஆபத்தும் உண்டு. டி செல்கள் ஒரேயடியாகக் கிளம்பினால் கடும் காய்ச்சல் வரும், ரத்த அழுத்தம் இறங்கும். அதனால் முதலில் குறைந்த அளவே கொடுத்து, மருத்துவமனையில் வைத்துக் கவனிப்பார்கள். எல்லாப் புற்றுநோய்க்கும் இப்படி மருந்து இன்னும் வரவில்லை.

பெரியம்மாவுக்கு வந்ததும் வேற வகைதான். ஆனா தப்பு அவங்க சாப்பாட்டில் இல்லை. காவல்காரருக்குத் திருடனை அடையாளம் தெரியலை, அவ்வளவுதான். இதை எங்க வீட்டிலும் சொல்லிட்டேன்.

சந்தேகம் இருந்தா இடைவேளையில் வந்து கேளுங்க!

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி