கதவு சிக்கிய நாள்

சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் கோடை மதியமானால் கோல்டன் கேட் வழியாகப் பாயும் காற்று சர்வசாதாரணமாக மணிக்கு 20 கடல் மைலைத் தாண்டும். அங்கே ஜே/24 பந்தயப் படகில்தான் நான் பழகினேன். காற்று ஏறினால் பேக்ஸ்டேயை, அதாவது பாய்மரத்தின் பின்கம்பியை, இழு, இறங்கினால் விடு. கைக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அதே கையோடு நண்பனின் கேட்டலினா 30 படகில் ஏறி, பேக்ஸ்டேயின் ஹைட்ராலிக் பம்ப்பை ஆசைதீர அடித்தேன். உள்ளே கழிவறையிலிருந்து அவன் மாமனார் தட்டினார். "தம்பி, கதவு திறக்க மாட்டேங்குது!" நண்பன் சிரிக்கவில்லை. "மச்சான், முதல்ல அதை விடு." விட்டேன், கதவு திறந்தது.

அந்தப் படகில் முன்கம்பி, பின்கம்பி இரண்டுமே பாய்மரத்தின் உச்சியில் மாட்டியவை. பின்னால் இழுத்தால் மரம் அவ்வளவாக வளையாது. முன்கம்பி விறைக்கும், மரம் தளத்தைக் கீழே அமுக்கும். அமுக்கத்தைத் தாங்கும் தூண் கழிவறைக் கதவை ஒட்டி நிற்கிறது. மாமா மாட்டிக்கொள்ளாமல் என்ன செய்வார்!

ஜே/24-இல் முன்கம்பி உச்சிக்குக் கீழேயே நின்றுவிடும். இழுத்தால் உச்சி பின்னே போக, மரத்தின் நடு முன்னே வளையும். பெரிய பாயான மெயின்செயிலின் வயிறு ஒட்டிப்போகும், படகு சாய்வது குறையும். அங்கே என் கண் மெயின்செயிலில்தான். கீழ்ப்பின் மூலையிலிருந்து மரத்தின் நடுவை நோக்கிச் சுருக்கம் ஓடினால் அதிகமாக இழுத்துவிட்டேன் என்று அர்த்தம். பின்காற்றில் ஓடும்போது தளர்த்துவேன், ஆனால் பலத்த காற்றில் முழுக்க விடமாட்டேன். உச்சி முன்னே போகாமல் பிடிப்பது அந்தக் கம்பிதான்.

கேட்டலினாவில் கண் முன்கம்பியில். அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் நடுவில் எவ்வளவு தொய்கிறது என்று தெரியும். மெல்லிய காற்றில் கொஞ்சம் தொய்வு நல்லது, முன்பாயான ஜிப்புக்கு வயிறு கிடைக்கும். பலத்த காற்றில் தொய்வு குறையும்வரை இழுக்கலாம். அதற்கு மேல் அடிக்கும் ஒவ்வொரு அடியும் படகின் உடம்புக்குத்தான்.

கைக்கணக்கை இப்போது நம்புவதில்லை. 19 இழை ஒற்றை முறுக்குக் கம்பியில் 2 மீட்டர் நீளத்துக்கு 1 மில்லிமீட்டர் நீண்டால், அறுபடும் பலத்தில் சுமார் 5 சதவீத இழுவிசை ஏறியிருக்கிறது. நான் 4 மில்லிமீட்டரில் நிறுத்திக்கொள்கிறேன். கரை சேர்ந்ததும் முதல் வேலை, வால்வைத் திறந்து கம்பியைத் தளர்த்துவது. மாமா அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்.