கோணலாக நின்ற நான்கு வீடுகள்

ரயில்வேயில் நில அளவை செய்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்த பிறகும், பழைய பாதை போன வழியை நிலம் காட்டிக் கொடுத்துவிடும். மண்கரையின் மேடும், வேலி திரும்பும் கோணமும் சாட்சி சொல்லும். அமெரிக்காவில் ஓர் ஊரே இப்படித்தான் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது.

நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் இருந்த அந்த ஊர் வீக்ஸ்வில். நியூயார்க் மாநிலத்தில் அடிமை முறை 1827-இல் ஒழிந்தது. ஆனால் 1821-ஆம் ஆண்டு மாநில அரசியல் சட்டப்படி, கறுப்பின ஆண் ஒருவர் வாக்களிக்க 250 டாலர் பெறுமானமுள்ள நிலச் சொத்து வேண்டும். வெள்ளையருக்கு அந்தச் சொத்து நிபந்தனை இல்லை. ஆகவே அம்மக்களுக்கு நிலம் என்பது வீடு மட்டுமல்ல, வாக்குரிமையும்கூட.

1838-இல் துறைமுகத் தொழிலாளி ஜேம்ஸ் வீக்ஸ் அங்கே மனை வாங்கினார். மற்றவர்களும் வந்தார்கள். 1850-களில் 500 பேருக்கு மேல் வசித்தார்கள். பள்ளி, தேவாலயங்கள், முதியோர் இல்லம், பத்திரிகை எல்லாம் உண்டாயின. 1863-இல் மன்ஹாட்டனில் கறுப்பின மக்களைத் தாக்கிய கலவரத்தில் உயிர் தப்பியவர்களுக்கு இவ்வூர் அடைக்கலம் தந்தது.

பிறகு நகரம் வளர்ந்தது. சதுரம் சதுரமாகப் புதிய தெருக்கள் போட்டார்கள். பழைய ஹண்டர்ஃபிளை சாலை மறைந்தது. ஊரின் பெயரும் மறந்து போயிற்று.

1968-இல் வரலாற்று ஆய்வாளர் ஜேம்ஸ் ஹர்லியும் விமானி ஜோசப் ஹெய்ன்ஸும் பழைய வரைபடங்களைப் பார்த்துவிட்டு, சிறிய விமானத்தில் அப்பகுதியின் மேல் பறந்தார்கள். புதிய தெருக்களுக்கு ஒட்டாமல் நான்கு மர வீடுகள் கோணலாக நிற்பது தெரிந்தது. அவை கோணல் அல்ல. மறைந்த சாலைக்கு நேராகத்தான் நின்றன!

இதன்பின் நடந்ததே நமக்குப் பாடம். அக்கம்பக்கத்தாரும் பள்ளிப் பிள்ளைகளும் மண்ணைத் தோண்டிப் பழம்பொருள்களைச் சேகரித்தார்கள். நகரத்தின் பாதுகாப்புக் குழு முன் பிள்ளைகளே சென்று பேசினார்கள். 1970-இல் வீடுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. ஜோன் மேனார்ட் என்ற ஓவியர் பல்லாண்டுகள் இப்பணிக்குத் தலைமை தாங்கினார். பழுது பார்த்த வீடுகள் 2005-இல் மக்களுக்குத் திறக்கப்பட்டன. 2019-இல் பணமுடை வந்தபோது பொதுமக்களின் நன்கொடை கைகொடுத்தது. பின்னர் நகர நிர்வாகம் தன் தொடர் உதவி பெறும் நிறுவனங்களில் இதையும் சேர்த்துக்கொண்டது.

பாதுகாப்பு வேலையின் வரிசை இதுதான்: முதலில் வரைபடத்தையும் நிலத்தையும் ஒப்பிடுவது, அடுத்து அங்கே வாழும் மக்களைச் சேர்ப்பது, பிறகு சட்டத்தின் துணை தேடுவது, கடைசியாக, ஆண்டுதோறும் பராமரிப்புக்குப் பணம் ஒதுக்குவது. நான்காவதை விட்டுவிட்டால் முதல் மூன்றும் வீண். பாலத்துக்கும் இதே விதிதான்.

அங்கே கிடைத்தவற்றுள் தகட்டில் எடுத்த ஒரு பெண்ணின் பழைய புகைப்படம் பேர்பெற்றது. நல்ல உடை, நிமிர்ந்த பார்வை. ஆனால் அவர் யார் என்று தெரியவில்லை. 'வீக்ஸ்வில் பெண்மணி' என்றே அழைக்கிறார்கள்.

ஊர் விட்டு ஊர் வந்த நம் வீடுகளிலும் பழைய புகைப்படங்கள் உண்டு. அவற்றில் இருப்பவர்களை அடையாளம் சொல்லும் பெரியவர்கள் இன்று நம்முடன் இருக்கிறார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அவர்கள் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு படத்தின் பின்புறமும் பெயர், ஊர், வருடம் மூன்றையும் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள்.