பாதத்தில் ஒரு கரும்புள்ளி: மேட்டிலா, பள்ளத்திலா?

வடை சுற்றி வந்த தாளில் எண்ணெய் ஊறிய இடத்தைக் கவனித்திருப்பீர்கள். மற்ற இடமெல்லாம் வெள்ளையாக இருக்க, அந்த இடம் மட்டும் கண்ணாடிபோல ஆகிவிடும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் பின்பக்கத்து எழுத்தும் தெரியும். தோல் நோய்களைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் டெர்மோஸ்கோப் என்ற கருவியும் இதே வித்தையைத்தான் செய்கிறது.

படிவம் 4 இயற்பியலில் ஒளிவிலகல் எண் படித்திருப்பீர்கள். காற்றுக்கு அது 1.00. தாளின் நாருக்கு ஏறக்குறைய 1.5. இந்த வேறுபாடு பெரிது என்பதால், காற்றிலிருந்து நாருக்கும் நாரிலிருந்து காற்றுக்கும் மாறும் ஒவ்வோர் இடத்திலும் ஒளி சிதறித் திரும்புகிறது. அதனால்தான் தாள் வெள்ளையாகத் தெரிகிறது. எண்ணெயின் எண் 1.47. இடையிலிருந்த காற்றை அது வெளியேற்றி அமர்ந்துகொண்டால் வேறுபாடு மறைந்து, ஒளி நேராக உள்ளே செல்கிறது.

நம் தோலின் மேலடுக்குக்கு இந்த எண் சுமார் 1.55. காற்றிலிருந்து நேராக வந்து விழும் ஒளியில் 100க்கு 5 பங்கு, தோலுக்குள் போகாமலே திரும்பிவிடும். ஐந்துதானே என்று நினைக்கலாம். ஆனால் தோலுக்குள் போய்வரும் ஒளி அதைவிடப் பலமாக இருந்தால்தான் உள்ளே இருப்பது தெளிவாகத் தெரியும். நம்மைப் போன்ற மாநிறமோ கருநிறமோ உள்ள தோலில் மெலனின் ஒளியை நிறைய விழுங்கிவிடுகிறது. மேலே பளபளக்கும் அந்த ஐந்து பங்கு, உள்ளே இருப்பதை மூடிவிடும். தோலில் எண்ணெயோ ஜெல்லோ தடவி அதன்மேல் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்தால், தோலின் மேற்பரப்பிலிருந்து திரும்பும் பங்கு மிகவும் குறைந்துவிடுகிறது. அந்தத் தகட்டுக்கு மேல் பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு வில்லை, சுற்றிலும் சிறு எல்இடி விளக்குகள். உள்ளங்கையில் அடங்கும் டெர்மோஸ்கோப் இவ்வளவுதான்.

எண்ணெயே வேண்டாத வகையும் உண்டு. அதில் இரண்டு போலரைசர்கள் இருக்கும். விளக்குக்கு முன்னால் உள்ளது, ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் வெளியே விடும். தோலின் மேற்பரப்பில் பட்டு உடனே திரும்பும் ஒளி அதே தளத்தில்தான் அதிர்ந்தபடி வரும். உள்ளே புகுந்து பல இடங்களில் மோதித் திரும்பும் ஒளியோ பல தளங்களிலும் அதிரத் தொடங்கிவிடும். கண்ணுக்கு முன்னால் 90 பாகை திருப்பி வைத்த இரண்டாவது போலரைசர் முதல் வகையைத் தடுத்து, இரண்டாவதில் ஒரு பகுதியை உள்ளே விடுகிறது. பளபளப்பு போய்விடும், ஆழம் தெரியும்.

ஆழம் தெரிவது என்றால், நிறமே ஆழத்தைச் சொல்லிவிடும். மெலனின் ஒரே பொருள்தான். அது தோலின் உச்சியில் இருந்தால் கறுப்பாகவும், மேல்தோலின் அடிப்பகுதியில் பழுப்பாகவும், அதற்கும் கீழே சாம்பலாகவும், இன்னும் ஆழத்தில் நீலமாகவும் தெரியும். நீல ஒளியின் அலைநீளம் குறைவு. அது வழியிலேயே சிதறிக் கண்ணுக்குத் திரும்பிவிடுகிறது. சிவப்பு ஒளி ஆழம்வரை போய் அங்குள்ள மெலனினால் உறிஞ்சப்படுகிறது. அளவுகோல் இல்லாமலே ஆழத்தை அளக்கும் வழி இது.

தலைமுடியில் இந்தக் கருவி காட்டும் காட்சி வேடிக்கையானது, ஏனென்றால் அங்கே நிறுத்தக்குறிகள் தெரியும். தலையில் வட்டமாக முடி கொட்டிய ஒரு மாணவனுக்குப் புழுவெட்டா, படர்தாமரையா? வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றலாம். புழுவெட்டில், நுனி தடித்து வேர்ப்பக்கம் மெலிந்த குட்டை முடிகள் ஆச்சரியக்குறிபோல நிற்கும். பூஞ்சையால் வரும் படர்தாமரையில், உடைந்த முடிகள் காற்புள்ளிபோல வளைந்து கிடக்கும். புழுவெட்டு அடுத்தவருக்குத் தொற்றாது. படர்தாமரை தொற்றும், மாத்திரையும் சாப்பிட வேண்டும். விடுதிகளில் பரவும் சொறியில், தோலுக்குள் ஒரு மெல்லிய சுரங்கமும் அதன் முனையில் ஒரு கறுத்த முக்கோணமும் தெரியும், வானில் புகைக்கோடு இழுத்துச் செல்லும் ஜெட் விமானம்போல. அந்த முக்கோணம் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத சொறிப்பூச்சியின் முன்பகுதி.

இனி பாதத்துக்கு வருவோம். மெலனோமா என்பது நிறமி உயிரணுக்களில் தோன்றும் புற்றுநோய். வெள்ளைத்தோல் உள்ளவர்களுக்கு அது அதிகம், பெரும்பாலும் வெயிலோடு தொடர்புடையது. ஆசியர்களிடமும் ஆப்பிரிக்கர்களிடமும் அரிது. உங்கள் வயதில் இன்னும் அரிது. ஆனால் நம்மவருக்கு வரும்போது அதில் பெரும்பங்கு உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் வருகிறது. வெயில் படாத, யாரும் குனிந்து பார்க்காத இடங்கள் இவை. அதனால் காலம் கடந்தே கண்டுபிடிக்கப்படுகிறது. ஜமைக்காவின் இசைக்கலைஞர் பாப் மார்லிக்கு வந்தது இந்த வகைதான். கால் பெருவிரல் நகத்தடியில் இருந்ததை முதலில் கால்பந்து ஆடியதில் பட்ட காயம் என்றே நினைத்தார்கள். 1977இல் நோய் இன்னதென்று தெரிந்தது. 1981இல், 36 வயதில் அவர் இறந்தார்.

பாதத்தில் ஒரு கரும்புள்ளி இருந்தால் அது சாதாரண மச்சமா, மெலனோமாவா? இதற்கு விடை கைரேகையில் இருக்கிறது. ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். வெள்ளைப்பலகையில் எழுதும் மார்க்கரைக் கட்டைவிரல் நுனியில் பூசி, உடனே ஈரத்தாளால் துடையுங்கள். மேடுகளில் இருந்த மை போய்விடும். பள்ளங்களில் இருப்பது மெல்லிய கோடுகளாகத் தங்கிவிடும். உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால், மேடுகளின் நடுவே வரிசையாக வெண்புள்ளிகள் தெரியும். அவை வியர்வைத் துளைகள். பாதத்திலும் இதே அமைப்புதான்.

சாதாரண மச்சத்தின் நிறமி உயிரணுக்கள் பெரும்பாலும் பள்ளங்களுக்கு நேர்கீழே கூடு கட்டியிருக்கும். மெலனோமா தொடங்கும்போது, மேடுகளுக்குக் கீழே, வியர்வைக் குழாய் செல்லும் மடிப்பை ஒட்டிப் பெருகுகிறது. இரண்டிலும் மெலனின் நேராக மேலே ஏறி வருவதால், மச்சம் பள்ளங்களில் மெல்லிய கோடுகளாகவும் மெலனோமா மேடுகளில் அகன்ற பட்டைகளாகவும் தெரியும். ஜப்பானின் ஷின்ஷு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தோஷியாகி சைதாவும் அவருடைய குழுவினரும் இதைத் தெளிவுபடுத்தினார்கள். எது மேடு எது பள்ளம் என்று குழப்பம் வந்தால், மருத்துவரும் நீங்கள் இப்போது செய்த மைச்சோதனையைத்தான் செய்வார்.

அவர்கள் 2004இல் வெளியிட்ட கணக்கு படிக்கத் தக்கது. பாதத்திலும் கையிலும் வந்த மெலனோமாக்களில் 86 விழுக்காட்டில் மேட்டுப்பட்டை இருந்தது. தீங்கற்ற புள்ளிகளில் 99 விழுக்காட்டில் அது இல்லை. இந்த இரண்டு எண்களும் ஒரே செய்தியைச் சொல்லவில்லை. மேட்டுப்பட்டை தெரிந்தால் சந்தேகம் மிக வலுவாகிறது. ஆனால் தெரியவில்லை என்பதற்காக விட்டுவிடவும் முடியாது, ஏனென்றால் 100 மெலனோமாக்களில் 14இல் அது தெரியவில்லை. ஆகவே புள்ளியின் அளவையும் பார்க்கிறார்கள். மச்சத்துக்குரிய வடிவம் தெளிவாக இல்லாமல் 7 மில்லிமீட்டரையும் தாண்டியிருந்தால், சிறு துண்டு எடுத்துத் திசுச் சோதனைக்கு அனுப்புவார்கள். முடிவான பதிலை அந்தச் சோதனைதான் தரும்.

மேட்டில் நிறம் தெரிந்தாலே பயந்துவிட வேண்டாம். பூப்பந்து, ஃபுட்சால் விளையாடுபவர்கள் ஓடிவந்து சட்டென்று நிற்கும்போது, குதிகாலில் நுண்ணிய இரத்தக்குழாய்கள் உடைந்து கறுப்புக் கறை உண்டாகலாம். அதுவும் மேடுகளில்தான் தெரியும். ஆனால் டெர்மோஸ்கோப்பில் பட்டையாக அல்லாமல், செங்கறுப்புக் கூழாங்கற்களைப் பரப்பியதுபோல இருக்கும். மருத்துவர் மேல்தோலை லேசாகச் சுரண்டினால் போய்விடும். வீட்டில் நீங்களே பிளேடு எடுத்து முயல வேண்டாம்.

டெர்மோஸ்கோப்பை வாங்கி வைத்துக்கொண்டால் மட்டும் போதாது. பயிற்சி பெற்றவர்கள் கையில் அது மெலனோமாவைக் கண்டறியும் திறனைக் கூட்டுகிறது. பயிற்சி இல்லாதவர்கள் கையில் வெறும் கண்ணால் பார்ப்பதைவிடப் பெரிய நன்மை இல்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கைப்பேசியில் மாட்டும் வில்லைகள் இப்போது மலிவாகவே கிடைக்கின்றன. அறிவியல் விழாச் செயல்திட்டத்துக்கு நல்லது, நோயை முடிவு செய்வதற்கு அல்ல. இன்னொரு குறையும் உண்டு. பாடநூல்களில் நெடுங்காலம் வெள்ளைத்தோலின் படங்களே நிறைந்திருந்தன. வெள்ளைத்தோலில் சிவப்பாகத் தெரியும் அழற்சி, நம் தோலில் பழுப்பாகவோ ஊதாவாகவோ தெரியும். அந்தப் படங்களை மட்டும் பார்த்துப் பழகிய கண் இங்கே தடுமாறும்.

கடைசியாக நகம். நம்மவர் பலருக்கு நகங்களில் நீளவாக்கில் பழுப்புக் கோடுகள் இருக்கும். பல விரல்களில், சீரான அகலத்தில், ஒரே நிறத்தில் இருந்தால் பெரும்பாலும் அது இயல்பானதே. அடிபட்டு நகத்தடியில் உறைந்த இரத்தமும் கறுப்பாகவே இருக்கும். டெர்மோஸ்கோப்பில் அதன் விளிம்பு உருண்டையாக, சிவப்போ ஊதாவோ கலந்து தெரியும். நகத்தின் வளைவில் எண்ணெய் வழிந்துவிடும் என்பதால், இங்கே மருத்துவர்கள் கெட்டியான ஜெல்லையே விரும்புகிறார்கள்.

இரத்தக் கறையை வீட்டிலும் ஓரளவு அறியலாம். கைநகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும், கால்நகம் அதில் பாதி. அடிபட்ட கறை நகத்தோடு சேர்ந்து நுனிப்பக்கம் நகரும், அடியில் தெளிவான நகம் முளைத்துவரும். பக்கத்தில் ஒரு ரூலரை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, மூன்று நான்கு வாரம் கழித்து அதேபோல இன்னொரு படம் எடுத்து ஒப்பிடுங்கள். ஒரே ஒரு நகத்தில் புதிதாகத் தோன்றி அகலமாகிக்கொண்டே போகும் கோடு, நகத்தைச் சுற்றிய தோலுக்கும் கறுப்பு பரவுவது, அடிபடாமலே நகம் பிளந்து இரத்தம் கசிவது ஆகியவற்றுக்கு இரண்டாவது படம் வரை காத்திருக்க வேண்டாம். உடனே கிளினிக்கில் காட்ட வேண்டும். வீட்டில் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ குனிந்து பாதத்தைப் பார்ப்பது சிரமமாக இருக்கும். மாதம் ஒருமுறை நகம் வெட்டிவிடும்போது, அவர்கள் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் நீங்களே பார்த்துவிடலாம்.