நாயைப் பழக்க ஏற்ற தீன் எது?

இடம்பெயர்ந்து வாழும் கமக்காரக் குடும்பத்துக்கு நாய் நல்லதொரு காவல். இரவில் ஆட்டுக்கொட்டிலைக் காக்கும். தோட்டத்துக்குள் பன்றி நுழைந்தால் குரைத்து எழுப்பும். ஆனால் கூப்பிட்டதும் வராத நாயால் துன்பமும் உண்டு. அது அயலவரின் கோழியைப் பிடித்தால் சண்டை மூளும். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நாட்டிய காணிக்குள் ஓடினால், அதன் பின்னே நம் பிள்ளையும் ஓடக்கூடும். ஆகவே நாய்க்கு முதலில் பழக்க வேண்டிய சொல் ‘வா’ என்பதே.

அடித்துப் பழக்கிய நாய் நம்மைக் கண்டு ஒளிக்கும். தீன் கொடுத்துப் பழக்கிய நாய் நம்மைத் தேடி வரும்.

தீன் எப்படி இருக்க வேண்டும்?

1. சிறிதாக: கடலைப் பருப்பளவு போதும். பெரிய துண்டைத் தின்று முடிப்பதற்குள் நாய் பாடத்தை மறந்துவிடும்.
2. மென்மையாக: உடனே விழுங்கக்கூடியதாக.
3. மணமுள்ளதாக: நாய் மூக்கினாலேயே உணவை மதிப்பிடுகிறது.

வீட்டில் கிடைப்பவை

உப்புப் போக ஊறவைத்து அவித்த நெத்தலிக் கருவாடு, அவித்த முட்டை, அவித்த கோழி ஈரல், முள் நீக்கிய மீன் ஆகியவை நல்லவை. ஒரு முட்டையைச் சிறு துண்டுகளாக்கினால் பல தடவை கொடுக்கலாம். பிள்ளையின் பங்கில் கைவைக்கத் தேவையில்லை. வளவுக்குள் பழக்கும்போது பாண் துண்டே போதும். கோழிகள் நடமாடும் இடத்தில் பழக்கும்போது கருவாடு வேண்டும். கவனம் சிதறும் இடத்தில் தீனும் உயர்ந்ததாக இருக்க வேண்டும்.

கொடுக்கக் கூடாதவை

சொக்கிளேற், வெங்காயம், உள்ளி, முந்திரிகைப்பழம் ஆகியவை நாய்க்கு நஞ்சு. சமைத்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். ஆடுமாடுகளின் பச்சை ஈரலும் நுரையீரலும் நாய்க்குப் புழுவைக் கொடுக்கும். அப்புழு நாயிலிருந்து மனிதருக்கும் தொற்றலாம்.

பழக்கும் முறை

நாய் பசியோடு இருக்கும் வேளையில், நாளுக்கு இரு தடவை, ஐந்து நிமிடம் வீதம் பழக்குங்கள். இரண்டடி தூரத்தில் நின்று ‘வா’ என்று ஒரே தடவை சொல்லுங்கள். வந்தவுடன் தீனைக் கொடுங்கள். பிந்தினால் எதற்காகக் கிடைத்தது என்பது அதற்கு விளங்காது. பின்னர் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். நன்கு பழகியபின் சில தடவை தீனும் சில தடவை தட்டிக்கொடுத்தலுமாக மாற்றுங்கள். பிந்தி வந்தாலும் அடிக்க வேண்டாம். அடித்தால், வந்ததற்கே அடி கிடைத்ததாக எண்ணும். பழகும்வரை ஆபத்தான காணிப் பக்கம் நாயைக் கட்டாமல் கொண்டுபோகாதீர்கள்.

கொடுக்கும் தீன் அன்றாட உணவில் பத்திலொரு பங்கைத் தாண்டக் கூடாது. ஆண்டுதோறும் விசர்நோய்த் தடுப்பூசி போடுவதையும் மறவாதீர்கள்.

தோபித்து நூலில், வீட்டைவிட்டுப் புறப்பட்ட தோபியாவுடன் நாயும் சென்றது. திரும்பியபோதும் கூடவே வந்தது. நம் வழியில் துணைவரும் நாயையும் பொறுமையோடு பழக்குவோம்.

கூடிப் பேசுவோம்: உங்கள் நாய் எப்போது கூப்பிட்டும் வராது? அந்த வேளைக்கு வீட்டிலுள்ள எந்தத் தீன் பொருந்தும்?