தீராத நோயும் தீரக்கூடிய வலியும்

"இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போங்கள்." புற்றுநோய் முற்றிய ஒருவரின் குடும்பத்தார் என்றாவது ஒரு நாள் கேட்க நேரிடும் வாக்கியம் இது. இதன் முதல் பாதி தவறு. நோயைப் போக்குவதற்கு ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் வலியைக் குறைக்கலாம், மூச்சுத்திணறலைத் தணிக்கலாம், வாந்தியை நிறுத்தலாம், இரவில் தூங்க வைக்கலாம். அழுகிய புண்ணின் நாற்றத்தால் பேரப்பிள்ளைகள் அருகில் வரத் தயங்குகிறார்கள் என்றால், மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடி செய்து புண்ணில் தூவச் சொல்லித் தருவார்கள். சில நாட்களில் நாற்றம் அடங்கும். சின்ன விஷயம்தான். ஆனால் அந்த வீட்டில் அதைவிடப் பெரிய விஷயம் வேறு கிடையாது.

இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் 'பாலியேட்டிவ் கேர்' என்கிறார்கள். லத்தீனில் 'பாலியம்' என்றால் மேலே போர்த்திக்கொள்ளும் ஆடை. குளிரை நிறுத்த முடியாது, போர்த்திவிட முடியும் என்று நான் பொருள் செய்துகொள்வேன். தமிழில் 'நோய்த் தணிப்புச் சிகிச்சை' என்பது பொருந்தும்.

நான் டாக்டர் அல்லன். தில்லியில் மத்திய அரசு அலுவலகமொன்றில் கோப்புகளோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். அதன் பிறகு, வீடு தேடிச் சென்று நோயாளிகளைப் பார்க்கும் குழு ஒன்றில் தொண்டராகப் பயிற்சி பெற்றேன். தமிழ் மட்டுமே தெரிந்த நோயாளிகளுக்கும் இந்தி பேசும் நர்ஸுகளுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்ப்பதுதான் என் வேலை. அந்த வேலையில் கற்றதையும், ஒருமுறை செய்த தவற்றையும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

இந்தத் துறையின் தொடக்கத்தைச் சொல்லும்போது சிசிலி சாண்டர்ஸ் அம்மையாரை விட்டுவிட முடியாது. முதலில் நர்ஸ், பிறகு சமூகப் பணியாளர், அதன் பிறகு படித்து டாக்டர் ஆனவர். 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பைஸைத் தொடங்கினார். 'முழு வலி' என்பது அவர் தந்த கருத்து. உடம்பின் வலியோடு பயம், பணக் கவலை, குடும்பத்தில் ஒட்டாத உறவு, 'எனக்கு ஏன் இப்படி' என்ற கேள்வி எல்லாம் கலந்து ஒரே வலியாக வருகிறது என்றார். மாத்திரை போட்டும் வலி குறையவில்லை என்றால், மாத்திரையை மட்டும் பார்த்தால் போதாது.

நம் நாட்டில் முதல் ஹாஸ்பைஸ் மும்பை பாந்த்ராவில் 1986-இல் தொடங்கிய சாந்தி அவேதனா சதன். 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் தொடங்கிய அமைப்பு, இதை ஆஸ்பத்திரிச் சுவருக்கு வெளியே கொண்டுவந்தது. பக்கத்து வீட்டு ஆசிரியரும் கடைக்காரரும் பயிற்சி பெற்று நோயாளியின் வீட்டுக்குப் போகும் முறை அங்கேதான் வளர்ந்தது. கேரள அரசு 2008-இல் இதற்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. தில்லியில் கேன்சப்போர்ட் 1996-இல் தொடங்கியது. பெங்களூரில் கருணாஸ்ரயா 1999 முதல் நோயாளிகளை ஏற்கிறது.

மார்ஃபினும் நம் பயமும்

உலக சுகாதார நிறுவனம் 1986-இல் புற்றுநோய் வலிக்கு மூன்று படி ஏணி ஒன்றை வகுத்துக் கொடுத்தது. இலேசான வலிக்கு பாராசிட்டமால் போன்றவை. அதற்கு அடங்காவிட்டால் கோடீன், டிரமடால் வகை. அதற்கும் அடங்காத கடும் வலிக்கு மார்ஃபின். 2018-இல் வந்த வழிகாட்டியில் இந்த ஏணியைக் கட்டாய விதியாக வைக்காமல், ஆளுக்கு ஏற்றபடி பார்க்கச் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு விதிகள் மாறவில்லை: முடிந்தவரை வாய்வழியே கொடு, கடிகாரத்தைப் பார்த்துக் கொடு.

இந்த இரண்டாவது விதியில்தான் நம் வீடுகள் தவறுகின்றன. "வலி வந்தால் போட்டுக்கொள்ளலாம், இல்லாவிட்டால் எதற்கு?" என்பது நம் கணக்கு. தலைவலிக்கு இது சரி. ஓயாத வலிக்குச் சரியல்ல. சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஆகவே காலை 6, 10, பகல் 2, மாலை 6 என்று கொடுத்து, இரவு 10 மணிக்கு இரண்டு மடங்காகக் கொடுப்பதுண்டு. நடுராத்திரியில் எழுப்ப வேண்டாம் என்பதற்காகத்தான் அந்த இரட்டை அளவு. வலி வந்தபின் அதைத் துரத்துவதைவிட, வராமல் பார்த்துக்கொள்ளக் குறைந்த மருந்தே போதும்.

மார்ஃபின் தொடங்கினால் மலச்சிக்கல் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும், நாளாவதால் போகவும் போகாது. எனவே மலமிளக்கியும் முதல் நாளிலிருந்தே சேர்த்துத் தரப்பட வேண்டும். டாக்டர் எழுதவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். குமட்டலும் தூக்கக் கலக்கமும் முதல் சில நாட்களில் இருக்கும், பிறகு பெரும்பாலும் விலகும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவில் மிகுந்த கவனம் தேவை. எவருக்கும் திடீரென்று நிறுத்தக் கூடாது.

"பழகிவிடுமே?" என்பது அடுத்த கேள்வி. நோயின் கடும் வலிக்காக, டாக்டரின் மேற்பார்வையில், சரியான அளவில் எடுத்துக்கொள்பவருக்கு அந்த அடிமைத்தனம் அரிது. "சாவைச் சீக்கிரம் கொண்டுவந்துவிடுமா?" வலிக்குத் தக்கபடி படிப்படியாக ஏற்றப்படும் அளவு அப்படிச் செய்வதில்லை. மார்ஃபின் எழுதிவிட்டாலே 'கடைசி நாள்' என்று பொருளும் அல்ல. பல மாதங்கள் அதை எடுத்துக்கொண்டு, சமையல் செய்து, கோயிலுக்குப் போய்வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்காகப் பக்கத்து வீட்டு மூட்டுவலிக்கு இரண்டு மாத்திரை கொடுத்து உதவுவது பெரிய ஆபத்து. பூட்டி வைக்க வேண்டிய மருந்து இது.

மார்ஃபின் எடுக்கப்படும் அபினி, அரசு உரிமத்தோடு மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசின் அபினி ஆலைகள் உள்ளன. நம் சங்கத்தில் நிதியமைச்சகத்தில் வேலை பார்த்த அன்பர்களுக்கு இந்தப் பெயர்கள் கோப்புகளில் பழக்கமானவையே. வெளிநாடுகளின் மருந்துத் தேவைக்கு அபினி அனுப்பிவந்த நாடு இது. இங்கேயே நோயாளிக்கு மாத்திரை கிடைக்கவில்லை! 1985-இன் போதைப்பொருள் சட்டத்தில் சின்னப் பிழைக்கும் கடும் தண்டனை என்று இருந்ததால் மருந்துக் கடைகளும் ஆஸ்பத்திரிகளும் மார்ஃபினைக் கைகழுவின. ஒரு உரிமம் கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகும். 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்சிகோடோன், ஹைட்ரோகோடோன், கோடீன் ஆகிய ஆறும் 'அத்தியாவசிய போதை மருந்துகள்' என்று அறிவிக்கப்பட்டன. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அனுமதியோடு அவற்றை வைத்துக்கொள்ளலாம். சட்டம் மாறியும் பழைய பயம் மாறவில்லை. பல கடைகளில் இன்றும் தலையை ஆட்டிவிடுகிறார்கள்.

எந்த வலி என்று சொல்லத் தெரிய வேண்டும்

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான். வலிக்குத் தமிழில் எத்தனை சொற்கள்! எரிகிறது, குத்துகிறது, குடைகிறது, கடுக்கிறது, முறுக்குகிறது, பிசைகிறது, இழுக்கிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது, சுரீர் என்கிறது. இவை வெறும் சொல்லலங்காரம் அல்ல, ஒவ்வொன்றும் டாக்டருக்கு ஒரு தகவல். எரிச்சலும், ஷாக் அடித்தது போன்ற சுரீரும் நரம்பு வலியின் அடையாளங்கள். அதற்கு அமிட்ரிப்டிலின், காபாபென்டின் போன்ற வேறு மருந்துகளைச் சேர்ப்பார்கள். ஆழத்தில் ஓயாமல் குடைவது, அசைந்தால் அதிகமாவது எலும்பாக இருக்கலாம். அதற்கு ஒரே ஒரு முறை கதிர்வீச்சு கொடுத்தாலும் பலருக்கு நல்ல நிவாரணம் உண்டு. வயிற்றில் முறுக்கி முறுக்கி விடுவது குடல். விண்விண்ணென்று தெறித்தால் சீழ் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

நம் பிள்ளைகள் இந்த ஒன்பதையும் சேர்த்து "தர்த் ஹை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள்! இந்தியிலும் சொல்லுக்குப் பஞ்சமில்லை. எரிச்சலுக்கு 'ஜலன்', குத்தலுக்கு 'சுபன்', முறுக்கலுக்கு 'மரோட்', மரத்துப்போவதற்கு 'சுன்ன'. இந்த நான்கை எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள்.

எங்கள் குடியிருப்பில் ஒரு பெரியம்மா இருந்தார். எல்லோருக்கும் அவர் பெரியம்மாதான். கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மகனோடு வந்து தங்கியவர், எண்பதை நெருங்கும் வயது. மார்பகப் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. "பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு?" என்று நர்ஸ் கேட்டதை நான் தமிழில் சொன்னேன். பெரியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "வலிக்கு மார்க்கா போடணும்?" என்றார். ரூபாய்க்கு எத்தனை அணா என்று மாற்றிக் கேட்டேன். யோசிக்கவே இல்லை. "பன்னெண்டணா. இடுப்புல கொடைச்சல் எட்டணா, கால்ல எரிச்சலா ஓடுதே அது நாலணா." இதைவிடத் தெளிவாக எந்த நோயாளியும் சொல்லி நான் கேட்டதில்லை. எலும்பு வலியும் நரம்பு வலியும் வேறு வேறாக, விகிதாசாரத்தோடு! அதுவரை வெறும் 'தர்த்' என்று டைக்ளோஃபெனக் மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தவருக்கு, அன்று குழுவின் டாக்டர் மார்ஃபினும் அமிட்ரிப்டிலினும் எழுதினார். ஒரு வாரத்தில் பெரியம்மாவின் கணக்கு மூன்றணாவுக்கு வந்தது.

சொல்வதா, மறைப்பதா?

அந்த மகன் நல்ல பிள்ளை. வாசலிலேயே எங்களை நிறுத்தி, "அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது சார். முதுகுல கட்டின்னு சொல்லி வச்சிருக்கேன். தெரிஞ்சா அன்னைக்கே உடைஞ்சு போயிடுவாங்க" என்றார். பத்து வீட்டில் எட்டு வீட்டில் இதைக் கேட்கிறோம். அவரைக் கோபித்துக்கொள்வதில் பயனில்லை, அது அன்பினால் வரும் பொய். பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு. மகனிடம் முதலில், "சொன்னால் என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். பிறகு, "நாங்களாக எதையும் திணிக்க மாட்டோம். அவராகக் கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டோம்" என்று ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும்.

நோயாளியிடம் பேசும்போதும் கேள்விதான் முதலில். "உங்கள் உடம்பைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" பதிலிலேயே பாதி தெரிந்துவிடும். அடுத்து, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பது. சிலர் "எல்லாம் மகனிடம் சொல்லுங்கள்" என்பார்கள், அதுவும் அவர் உரிமை. விரும்பினால் மட்டும், சிறுகச் சிறுக, நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டும். கனடாவில் வாழ்ந்த டாக்டர் ராபர்ட் பக்மனும் அவர் கூட்டாளிகளும் 2000-இல் வெளியிட்ட ஆறு படி முறையின் சாரமும் இதுவே. உட்கார்ந்து பேசுங்கள், நின்றுகொண்டு வேண்டாம். அழுதால் அழ விடுங்கள். "ஒன்றும் ஆகாது, தைரியமாக இருங்கள்" என்று பேச்சை அடைக்காதீர்கள். அந்தத் தைரியம் பெரும்பாலும் நமக்காகத்தான் தேவைப்படுகிறது.

இவ்வளவும் படித்த நான் என்ன செய்தேன்? குழு வருவதற்கு முன்பே, கதிர்வீச்சுக்காக ஓர் ஆஸ்பத்திரிக்குப் பெரியம்மாவோடு போயிருந்தேன். அவர் டாக்டரைப் பார்த்து, "யய்யா, நான் ஊருக்குப் போய்ச் சேருவேனான்னு கேளு" என்றார். 'போய்ச் சேர்வது' என்றால் தமிழில் என்னவெல்லாம் பொருள் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கேள்வியில் எல்லாப் பொருளும் இருந்தது. மகன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான், "எப்போது டிஸ்சார்ஜ் ஆவார் என்று கேட்கிறார்" என்று இந்தியில் சொன்னேன். டாக்டர் சிரித்தபடி, "இரண்டு மூன்று நாளில்" என்றார். அதையும் நான் தமிழில் சொன்னேன். பெரியம்மா அதன் பிறகு என்னிடம் எதையும் கேட்கச் சொல்லவில்லை.

ஏழு வாரம் கழித்து, வலி மூன்றணாவில் இருந்த ஒரு நாள், நர்ஸ் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "மனத்தில் என்ன கவலை?" என்று கேட்டார். மகனும் இருந்தார். இந்த முறை சொல்லுக்குச் சொல் மாற்றாமல் மொழிபெயர்த்தேன். பெரியம்மா, "கரண்டு வைக்கிற இடத்துல போர்டுல என்ன எழுதியிருக்குன்னு எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனா அங்க வந்தவுக மொகத்தை வாசிக்கத் தெரியும். இவன் தாங்க மாட்டான்னுதான் நான் கேக்கல" என்றார். இருவரும் ஒருவருக்காக ஒருவர் நடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். மகன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

ஊருக்குப் போக வேண்டும், தங்கையைப் பார்க்க வேண்டும், வீட்டுப் பத்திரம் யார் பெயரில் என்று சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. முதல் முறை கேட்டபோது ரயிலில் படுக்க வைத்து அழைத்துப் போயிருக்கலாம். இப்போது கால்கள் செயலிழந்திருந்தன, நெஞ்சில் நீர் கட்டியிருந்தது. பயணம் கூடாது என்று டாக்டர் சொன்னதை மறைக்காமல் சொன்னேன். தங்கையை தில்லிக்கு வரவழைத்தார் மகன். பதினொரு நாள் இருவரும் ஒரே அறையில் ஊர்க்கதை பேசினார்கள். பத்திர விஷயமும் முடிந்தது. என்னிடம் மட்டும் ஒருநாள், "அன்னைக்கே நீ கேட்டிருக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

காரியங்கள் முடிந்த மறுநாள் நர்ஸ் வந்து, மீதமிருந்த மார்ஃபின் மாத்திரைகளை எண்ணி, மகனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு எடுத்துச் சென்றார்.