சிறு பாய்க்கலங்களின் அமைப்பு

கொள்ளுப்பிட்டியில் ஊருக்கும் கடலுக்கும் இடையே புகையிரதப் பாதை ஓடுகின்றது. அலையோசை கேட்டே வளர்ந்தோமாயினும் நம்மிற் பலர் பாய்க்கலம் ஏறியறியார். ஏற விரும்புவோர்க்கும் கலத்தை எங்கே நிறுத்துவது என்பதே முதல் இடர். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இக்கரையை அலைக்கழிக்கும். ஆதலின், வீட்டு முற்றத்திற் கிடந்து, வேண்டும்போது மோட்டார் வண்டியின் பின்னே இழுக்கப்பெற்றுப் பொல்கொடை வாவி வரை செல்லத்தக்க கலமே நமக்கேற்றது. அஃது எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

பாயில் மோதுங் காற்று கலத்தைச் சாய்க்கும். அச்சாய்வை எதிர்ப்பதற்குப் பெருங்கலங்கள் அடியில் ஈயத்தையோ இரும்பையோ சுமக்கின்றன. சிறு கலத்துக்கு இவ்வழி ஏற்புடையதன்று. எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் நடுவிலிருந்து ஒரு மீற்றர் விலகிக் காற்று வரும் பக்கத்தில் அமர்கின்றார் எனக் கொள்வோம். கலம் 15 பாகை சாய்ந்திருக்கும்போது அவர் அளிக்கும் எதிர்ப்பை, ஒரு மீற்றர் ஆழத்தே தொங்கும் உலோகத்தாற் பெறுவதற்கு ஏறக்குறைய 260 கிலோ வேண்டும்; அச்சாய்விற் கீழுள்ள பாரம் பக்கவாட்டில் கால் மீற்றர் அளவே விலகும் என்பதே காரணம். அவ்வளவு உலோகத்தை வீதியில் யார் இழுப்பார்?

இக்கணக்கை ஏட்டிற் படியாமலே நம் கரையோர மீனவர் அறிந்திருந்தனர். சிங்களத்தில் 'ஒருவா' எனப்படும் ஓடத்தின் உடல், குடைந்த மரத்தின்மேற் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து ஆக்கப்பட்டது, மிக ஒடுங்கியது. அதன் உறுதி முழுதும் ஒரு பக்கத்தே நீண்ட கொம்புகளின் முனையிற் கட்டிய மிதவையிலேயே தங்கியுள்ளது. மிதவை எப்போதும் காற்று வரும் பக்கமே இருத்தல் வேண்டும். ஆதலால் திசை மாற்றுகையில் ஓடத்தைத் திருப்பாது, பாயை மாற்றி முன்பக்கத்தைப் பின்பக்கமாக்குவர். இரு முனைகளும் ஒத்திருப்பது இதற்காகவே. காற்று வலுத்தால் ஆட்கள் கொம்பின்மேல் நடந்து மிதவையை அணுகுவர். அங்ஙனம் சென்றோரின் தொகை கொண்டே ஒராட் காற்று, ஈராட் காற்று எனக் காற்றின் வலுவை அளந்தனர் என்று முன்னாட் பயணிகள் எழுதி வைத்துள்ளனர். இதனினும் எளிய அளவுகோலை நாம் கண்டிலோம்.

இனிக் கலத்தின் அடிப்பாகம். பாய்க்கலம் பக்கவாட்டில் வழுக்காதிருக்க நீருள் ஒரு தகடு வேண்டும். நிலையாக நீட்டிய தகடோ ஆழமற்ற வாவியிலும் இழுவண்டியிலும் இடர் செய்யும். ஆதலின் நடுவே ஓர் உறை அமைத்து, ஏற்றவும் இறக்கவுந்தக்க பலகையைப் பொருத்துவர். ஆங்கில நாட்டு ஜாக் ஹோல்ற் என்பார் 1949இல் அமைத்த 14 அடி 'ஜீ.பீ. 14' இவ்வகையினது. அவரே பரி பக்னலுடன் சேர்ந்து 1962இல் அமைத்த 'மிரர்' 11 அடிக்குச் சற்றுக் குறைந்தது; அதன் வெற்றுடல் ஏறக்குறைய 45 கிலோ. இருவர் தூக்கித் தண்டவாளத்தைக் கடக்கலாம். ஒட்டுப்பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் கண்ணாடியிழை நாடாவும் பிசினும் இட்டு அதனைக் கட்டினர். புதுமை என்று பாராட்டப்பெற்ற இம்முறையைக் கண்டால், கயிற்றால் ஓடந் தைத்த நீர்கொழும்பு முதியவர் புன்னகைத்திருப்பார்.

அகலமே உறுதி தரும். வீதியோ அகலத்தை ஏற்காது. நியூசிலாந்திற் பிறந்த இயன் பாரியர் இம்முரணை மடிப்பினால் வென்றார். 1980களில் வெளிவந்த அவரது 'எப்-27' என்னும் முவ்வுடற் கலம் நீரில் 19 அடி அகலமுடையது. பக்க உடல்களை மடித்தால் எட்டரை அடிக்குள் அடங்கும். ஒருவாவின் கொம்புகளும் கயிற்றாற் கட்டப்பட்டவையே, அவிழ்த்து வைக்கலாம். எனவே நம் மாணவர் ஒட்டுப்பலகையில் ஒரு சிற்றொருவா அமைக்க முயல்வாராயின், மடிப்புப் பொறிக்குப் பொருள் செலவிடாது கயிற்றையே நம்பலாம் என்பது எம் துணிபு.

இழுவண்டியைப் பற்றியும் ஒரு சொல். மொத்தப் பாரத்தின் பத்திலொரு பங்களவு முன்கொக்கியில் அமருமாறு கலத்தை வைத்தல் வேண்டும். பின்பாரம் மிகின் வண்டி வீதியில் வாலாட்டும். பாய்மரத்தை இறக்கிய பின்னரே புறப்படுக. கரையை அடைந்ததும் சில்லுகளை உடனே நீரில் இறக்கலாகாது. ஓடிச் சூடேறிய அச்சுக்குடம் திடீரெனக் குளிர்ந்தால் உள்ளே உப்புநீரை உறிஞ்சும். கால் மணி நேரம் ஆறவிட்டு, திரும்பியதும் நன்னீரிற் கழுவுக.