தொலைநோக்கிகள் கூடும் திடல்

நுழையும்முன்

வானியல் என்றவுடன் மலையுச்சி ஆய்வகங்களும் பெருந்தொகை மதிப்புள்ள கருவிகளுமே நினைவுக்கு வருகின்றன. ஆயினும், பகலில் தத்தம் தொழிலைச் செய்து, இரவில் தம் கையால் செய்த கருவியைக் கொண்டு வானைக் காண்போர் உலகெங்கும் உளர். அவர்கள் தம் கருவிகளைக் காட்சிக்கு வைக்கும் திடலுக்குச் செல்பவர் எதைக் காண வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தொழிலாளர் எழுப்பிய கோயில்

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் சிற்றூர் உள்ளது. 1920ஆம் ஆண்டு ரஸ்ஸல் போர்ட்டர் என்பவர் அவ்வூரின் இயந்திரத் தொழிற்சாலைப் பணியாளர்களுக்குத் தொலைநோக்கி செய்யக் கற்றுக்கொடுத்தார். அவர்கள் குன்றின்மேல் ஒரு மன்றம் கட்டி, ‘விண்மீன்களின் திருக்கோயில்’ என்னும் பொருள்பட அதற்கு ‘ஸ்டெல்லஃபேன்’ எனப் பெயரிட்டனர். 1926இல் அங்கே கருவி செய்வோரின் முதல் கூடுகை நடைபெற்றது. இன்றும் கோடைகாலத்தில் அது தொடர்கிறது. அங்கு நடைபெறும் பரிசுப் போட்டி வீட்டில் செய்த கருவிகளுக்கே உரியது. விலை கொடுத்து வாங்கியது எத்துணைச் சிறந்ததாயினும் அப்போட்டியில் அதற்கு இடமில்லை. இஃது ஒரு நல்ல விதி என்றே கூறவேண்டும்.

இம்மரபில் வந்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர் ஜான் டாப்சன். சான் பிரான்சிஸ்கோவில் இராமகிருஷ்ண மரபைச் சார்ந்த வேதாந்த மடத்தில் துறவியாக வாழ்ந்த அவர், கப்பற்சாளரத்தின் தடித்த கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தார். அட்டைக்குழாயே அவர் கருவிக்கு உடலாயிற்று, மரப்பெட்டியே தாங்கியாயிற்று. தொலைநோக்கி மோகம் மடத்து ஒழுங்குக்குப் பொருந்தாததால் 1967இல் மடத்தைவிட்டு வெளியேற நேர்ந்தது. அதன்பின் தெருவோரத்தில் கருவியை நிறுத்தி, போவோர் வருவோரையெல்லாம் நிலவைக் காண அழைத்தார். அவருடைய எளிய தாங்கி இன்று ‘டாப்சன் தாங்கி’ என உலகெங்கும் வழங்குகிறது.

ஆடி பிறக்கும் விதம்

150 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு தடித்த கண்ணாடி வட்டுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றைப் பீப்பாயின்மேல் பொருத்தி, கார்போரண்டம் தூளும் நீரும் இட்டு, மற்றொன்றை அதன்மேல் வைத்து முன்னும் பின்னுமாகத் தள்ள வேண்டும். தள்ளுபவர் பீப்பாயைச் சுற்றி நடந்துகொண்டே இருப்பார். பல்லாண்டு அரைத்த அம்மி நடுவில் பள்ளமாவதை நாம் கண்டிருக்கிறோம். இங்கோ கீழ்வட்டு குவிய, மேல்வட்டே குழிகிறது. குவியத் தொலைவு 1200 மில்லிமீட்டராக அமைய வேண்டுமெனில், நடுப்பள்ளத்தின் ஆழம் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே மிஞ்சினால் போதும். படிப்படியாக நுண்ணிய தூளுக்கு மாறி, இறுதியில் பிசின் பூசிய பரப்பில் சீரியம் ஆக்சைடு கொண்டு மெருகேற்றுவர்.

மெருகேற்றிய பரப்பில் எஞ்சும் பிழை ஒளியலையின் நீளத்தில் சிறு பங்கை, அதாவது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. இதனை அளக்க விலையுயர்ந்த பொறி தேவையில்லை. சிறு விளக்கின் ஒளியை ஆடியில் பட்டுத் திரும்பச் செய்து, அது குவியும் இடத்தில் சவர அலகின் விளிம்பை மெல்ல நுழைத்தால் மேடும் பள்ளமும் நிழலாகத் தோன்றும். ஃபூக்கோ என்னும் பிரெஞ்சு அறிவியலாளர் 19ஆம் நூற்றாண்டில் கண்ட முறை இது. நானறிந்தவரை, இத்தனை குறைந்த செலவில் இத்தனை நுட்பத்தை அளக்கும் சோதனை வேறில்லை.

கேட்க வேண்டிய வினா

காட்சித் திடலில் பலர் முதலில் கேட்பது, “இஃது எத்தனை மடங்கு பெரிதாக்கும்?” என்பதே. கேட்க வேண்டியதோ, “இதன் விட்டம் எவ்வளவு?” என்பது. இருளில் நம் கண்மணி விரியும் அளவு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். 150 மில்லிமீட்டர் ஆடி அதனைவிட 450 மடங்குக்கும் மேலான ஒளியைத் திரட்டும். உருப்பெருக்கம் கண்ணருகு வில்லையை மாற்றினால் மாறிவிடும். ஆயினும், விட்டத்தின் மில்லிமீட்டர் அளவைப்போல் இருமடங்கைத் தாண்டினால் உருவம் பெரிதாகுமேயன்றித் தெளிவு கூடாது. எனவே 60 மில்லிமீட்டர் கருவியின் பெட்டியில் ‘500 மடங்கு’ என அச்சிட்டிருந்தால் அதனை வாங்காமல் திரும்புவதே அறிவுடைமை. மாணவர் சேமித்த பணம் பெரும்பாலும் இவ்விடத்தில்தான் வீணாகிறது.

கண்ணருகு வில்லையில் திருகும் சிறு கருங்கண்ணாடியைக் கொடுத்து, ‘இதைக்கொண்டு சூரியனைக் காணலாம்’ என்பாரும் உண்டு. குவிந்த வெப்பத்தால் அது வெடித்தால் நொடியில் பார்வை போகும். கருவியின் முன்வாய் முழுவதையும் மூடும் தரமான சூரிய வடிகட்டியே பாதுகாப்பானது.

திண்டிவனத்து வானம்

கருவி நிற்கும் ஊரையும் எண்ண வேண்டும். புவியின் சுழற்சிக்கு ஈடுகொடுத்துத் திரும்பும் தாங்கியின் அச்சு துருவ மீனை நோக்கிச் சாய்ந்திருத்தல் வேண்டும். துருவ மீன் வெர்மான்டில் 43 பாகை உயரத்திலும் திண்டிவனத்தில் 12 பாகை உயரத்திலும் நிற்கிறது. இங்கே அது புளியமரத்தின் பின்னோ பக்கத்து வீட்டு மாடியின் பின்னோ மறைந்துவிடும். குளிர்நாட்டாருக்கென அமைத்த தாங்கிகள் சில இத்துணைத் தாழ்வாகச் சாய்வதில்லை; சாய்ந்தாலும் எதிர்எடை முக்காலியின் காலில் இடிக்கும். துருவ மீனை நாடாத டாப்சன் தாங்கி நம் ஊர்களுக்கு ஏற்றது.

அதே 12 பாகை நமக்குப் பெருஞ்செல்வமும் ஆகும். வடவானும் தென்வானும் ஒருங்கே காணக் கிடைக்கும் இடம் எனக் கருதியே வைணு பாப்பு ஜவ்வாது மலையின் காவலூரைத் தேர்ந்தார். அதுவும் திண்டிவனத்தை ஒட்டிய அகலாங்கில் அமைந்ததே. 1968இல் அங்கு நிறுவப்பட்ட முதல் தொலைநோக்கி, கோடைக்கானல் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட 38 சென்டிமீட்டர் கருவியாகும். நம் நாட்டிலேயே உருவான 234 சென்டிமீட்டர் தொலைநோக்கி, அவர் மறைந்து மூன்று ஆண்டுகளுக்குப்பின் 1986இல் தொடங்கி வைக்கப்பட்டது.

நம் மாநிலத்திலும் வானியல் ஆர்வலர்கள் பள்ளித் திடல்களில் கருவிகளை நிறுத்தி வானைக் காட்டுகின்றனர். அங்குச் செல்வோர் கைப்பேசி வெளிச்சத்தை அணைத்துவிடுதல் வேண்டும்; கண் இருளுக்குப் பழக அரைமணி நேரம் ஆகும். மே மாதத்து முன்னிரவாயின் கருவியைத் தெற்கே, 30 பாகை உயரத்திற்குத் திருப்பச் சொல்லிக் கேளுங்கள். வெறுங்கண்ணுக்கு மங்கிய புள்ளியாகத் தெரியும் ஒமேகா சென்டாரி, 150 மில்லிமீட்டர் ஆடியில் உப்பைத் தூவியதுபோல் எண்ணற்ற விண்மீன்களாகப் பிரிந்து தோன்றும். ஸ்டெல்லஃபேன் குன்றில் அது தொடுவானத்துக்குமேல் எழுவதே இல்லை.